ஹாலோவீன் எண்ட்ஸ்: கோரி கதை தவறா, அதைப் பாதியில் விட்டது தவறா?

பூசணிவிளக்கு:
1978-இல் தொடங்கிய ஹாலோவீன் திகில் பட வரிசையில் 2022-இல் வந்த ஹாலோவீன் எண்ட்ஸ் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் சண்டையில்தான் முடிகிறது. முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் இல்லாமல் ஒரு மைக்கேல் படமா என்று ஒரு பக்கம், தொடரிலேயே துணிச்சலான படம் இதுதான் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. இதில் புதிதாக வரும் கோரி கன்னிங்ஹாம் கதை நல்ல கதை. அதை எடுத்தவர்களே கடைசி அரை மணி நேரத்தில் அதைக் கைவிட்டதுதான் என் வருத்தம். முழுக்கதையும் பேசப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆரம்பக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019, ஹாலோவீன் இரவு. கோரி ஒரு பெரிய வீட்டில் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். இருவரும் டிவியில், 1978 படத்தை இயக்கிய ஜான் கார்ப்பெண்டரின் தி திங் பார்க்கிறார்கள் (1978 படத்தில் குழந்தைகள் பார்ப்பது இதே கதையை வைத்து 1951-இல் வந்த பழைய படம், ஞாபகம் இருக்கும்). பையன் விளையாட்டாகக் கோரியை மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். பயந்துபோன கோரி கதவை உதைத்துத் திறக்க, வெளியே நின்ற பையன் படிக்கட்டுக் கைப்பிடியைத் தாண்டிப் பல மாடி கீழே விழுகிறான். அந்த நொடியில்தான் அவன் அப்பா அம்மா வாசலில் நுழைகிறார்கள். மேலே கோரி, கையில் கத்தியோடு.

இந்தத் தொடரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் சாக வேண்டும், அதுதான் 1978-இலிருந்து வழக்கம். இங்கே குழந்தை செத்துவிட்டது, பார்த்துக்கொள்ள வந்தவன் உயிரோடு இருக்கிறான், ஊர் முழுக்க அவனைக் கொலைகாரன் என்கிறது. வழக்கில் விடுதலை ஆகியும் யாரும் அவனை விடவில்லை. கொலைகாரன் முகமூடியே தலைகாட்டாத ஒரு காட்சி இவ்வளவு பதற வைத்தது என்றால், இயக்குநர் டேவிட் கார்டன் கிரீனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்தவர் முடிவில் ஏன் பின்வாங்கினார்? இதைத்தான் பேச நினைக்கிறேன்.

நடுநிசி:
ஆரம்பக் காட்சி அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறொரு படத்தின் ஆரம்பக் காட்சி.

2018 படம் என்ன சொல்லி நம்மைக் கூப்பிட்டது? நடுவில் வந்த எல்லா பாகங்களையும் மறந்துவிடுங்கள், அன்று அவனிடமிருந்து தப்பிய லோரிக்கு மைக்கேல் அண்ணன் என்பதும் கிடையாது, 1978 இரவு மட்டும்தான் உண்மை, நாற்பது வருடம் கழித்து இருவரும் மோதப் போகிறார்கள் என்று. சரி என்று போனோம். அப்புறம் 2021-இல் ஹாலோவீன் கில்ஸ். அதில் லோரி படம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள், இருவரும் நேருக்கு நேர் வரவே இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம், கடைசிப் படத்துக்காகச் சேர்த்து வைக்கிறார்கள் என்று நினைத்து. கடைசிப் படம் வந்தால், அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு பையனின் கதை. மைக்கேல் சாக்கடைக் குழாயில் நான்கு வருடமாக நோஞ்சானாக ஒளிந்துகொண்டிருக்கிறான். டிரெய்லரில் காட்டியதெல்லாம் பெரும்பாலும் லோரி வீட்டுச் சமையலறைச் சண்டைதான். கோரிதான் கதாநாயகன் என்று அதைப் பார்த்த ஒருவராலும் ஊகித்திருக்க முடியாது.

ரசிகர்களுக்குப் புதுசு பிடிக்காது என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாயை அடைக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 4 கோடி டாலர் வசூல், அடுத்த வார இறுதியில் ஏறக்குறைய 80 லட்சம். படம் வந்த அன்றைக்கே பீக்காக் ஓடிடியிலும் வெளியானது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர்களிடம் எடுக்கும் சினிமாஸ்கோரில் 2018 படத்துக்கு பி பிளஸ், இதற்கு சி பிளஸ். பணம் கொடுத்து, ஆசையோடு, முதல் நாளே போனவர்கள் கொடுத்த மதிப்பெண் அது.

ஆறாம்பாகம்:
1982-இல் ஹாலோவீன் 3-க்கும் இதே கதிதான். மைக்கேல் கிடையாது, முகமூடிக் கம்பெனி, மாந்திரீகம், வருடத்துக்கு ஒரு தனிக்கதை என்ற யோசனை. அன்று திட்டித் தீர்த்தார்கள், இன்று அதைத் தூக்கி வைத்துக் கொண்டாட ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. எண்ட்ஸ் படத்தின் டைட்டில் எழுத்து அந்த மூன்றாம் பாகத்தின் நீல எழுத்து மாதிரியே வருவது தற்செயல் இல்லை. இது வழக்கமான படம் அல்ல என்று முதல் நிமிடங்களிலேயே சொல்லிவிட்டார்கள்.

நடுநிசி:
மூன்றாம் பாகம் நேர்மையாக இருந்தது. மைக்கேல் இல்லை என்றால் இல்லை, தனிக்கதை. இதில் அவன் பெயரையும் லோரியையும் வைத்துக் கூப்பிட்டுவிட்டு உள்ளே வேறு கதை சொல்கிறார்கள். டைட்டில் எழுத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்?

கத்திநிழல்:
கோரி எங்கிருந்தோ திடீரென்று குதித்தவன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் பெயர் வேண்டுமானால் முந்தைய படங்களில் இல்லை, அவனை உண்டாக்கிய ஊர் இருக்கிறது.

கில்ஸ் படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சியை யோசித்துப் பாருங்கள். 1978-இல் லோரி பார்த்துக்கொண்ட பையன் டாமி டாய்ல், இப்போது பெரியவன், அவன் தலைமையில் ஊரே கோஷம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. மனநல மருத்துவமனையிலிருந்து தப்பிய இன்னொரு நோயாளியை மைக்கேல் என்று நினைத்துத் துரத்துகிறது, அந்த மனிதர் பயத்தில் ஜன்னல் வழியே குதித்துச் செத்துப்போகிறார். மைக்கேல் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அந்தச் சாவுக்கு முழுப் பொறுப்பு கதை நடக்கும் ஹேடன்ஃபீல்ட் ஊர் மக்கள்தான். கில்ஸ் படம் சுமாரான படம்தான், வசனம் காதில் அறைகிற மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் காட்சியில் ஒரு விதை போட்டார்கள். பயம் பிடித்த ஊர் யாரையாவது பிடித்து மைக்கேல் ஆக்கிவிடும்.

எண்ட்ஸ் அதைத்தான் எடுத்துக்கொண்டு மேலே போகிறது. மைக்கேல் காணாமல் போய் நான்கு வருடம் ஆகிறது, கோபத்தைக் கொட்ட ஆள் வேண்டும். கோரி கிடைத்தான். லோரியையும் விடவில்லை, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் வந்து, என் அக்கா இப்படி ஆனதற்கு நீதான் காரணம், அவனைச் சீண்டிவிட்டது நீதான் என்கிற மாதிரி பேசுகிறாளே, அந்த அக்கா யார்? கில்ஸ் படத்தில் கழுத்தில் காயம்பட்டு உயிருக்குப் போராடிய பெண். இப்போது சக்கர நாற்காலியில் பேச்சில்லாமல் இருக்கிறாள். ஸ்லாஷர் என்கிற தொடர்கொலைப் படங்களில் இரண்டாவது காட்சியில் விழுந்தவர்களைப் பற்றி மூன்றாம் காட்சியில் யாரும் பேச மாட்டார்கள். இங்கே விழுந்தவள் பிழைத்து எப்படி வாழ்கிறாள், அவள் குடும்பம் யாரை வெறுக்கிறது என்று காட்டுகிறார்கள். எனக்கு இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படம் பிடிக்கும்.

தாமதரசிகை:
நான் இந்தத் தொடரைச் சமீபத்தில்தான் மொத்தமாகப் பார்த்தேன், அதனால் டிரெய்லர் ஏமாற்றியது, காத்திருந்தோம் என்ற கோபம் எனக்குக் கிடையாது. கோரி கதை எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தக் கதைக்காக லோரியின் பேத்தி அலிசனைப் பலி கொடுத்துவிட்டார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

2018 படத்திலும் கில்ஸ் படத்திலும் அவள் எப்படி இருந்தாள்! அப்பா, அம்மா இருவரையும் ஒரே இரவில் இழந்தவள். காதலனை மைக்கேல் அவள் கண்ணெதிரே கொன்றான். அதே அலிசன் இங்கே கோரியைப் பார்த்த சில நாளிலேயே, வா ஊரை விட்டு ஓடிவிடலாம் என்று கிளம்பி நிற்கிறாள். ஏன் என்பது புரிகிறது, இருவரும் ஊர் முத்திரை குத்திய ஆட்கள். ஆனால் அவள் துக்கத்தைப் பேச ஒரு நல்ல காட்சி இல்லை. மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார்கள், வேஷம் போட்டுக்கொண்டு விருந்தில் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். அவன் கண்ணில் ஏதோ மாறியிருக்கிறது என்று லோரிக்குத் தெரிகிறது, மைக்கேலோடு ஒரு இரவு முழுக்கப் போராடிய அலிசனுக்குத் தெரியவில்லை. ஆண்டி மாட்டிசாக் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், எழுத்துதான் அவருக்கு எதுவும் தரவில்லை.

லோரி விஷயத்திலும் எனக்கு ஒரு நெருடல். 2018-இல், மைக்கேல் பூட்டிய அறையில் இருந்தபோது, வீட்டையே பொறியாக மாற்றி, துப்பாக்கியும் கையுமாக நாற்பது வருடம் இருந்தவள். இப்போது அவன் வெளியே எங்கேயோ உயிரோடு இருக்கிறான், மகளையும் கொன்றுவிட்டான், இவளோ சாதாரணத் தெருவில் வீடு பிடித்துப் பலகாரம் சுட்டுக்கொண்டு புத்தகம் எழுதுகிறாள். மனது மாறிவிட்டது என்று வாய்மொழியில் சொல்கிறார்கள். அந்த மாற்றம் நான்கு வருட இடைவெளிக்குள் எங்கேயோ நடந்து முடிந்துவிட்டது, நமக்குக் காட்டவில்லை.

நடுநிசி:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவர் என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஒலிப்பதிவு:
கதையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் காதைப் பற்றிப் பேசுகிறேன்.

1978 இசை ஐந்துக்கு நான்கு தாளம். நடக்கும்போது ஒரு அடி கூடுதலாக விழுகிற மாதிரி இருக்கும், அதனால்தான் கேட்கும்போதே உடம்பு நிலைகொள்ளாது. கார்ப்பெண்டரே மகன் கோடி, டேனியல் டேவிஸ் இருவரோடும் சேர்ந்து இந்த மூன்று படங்களுக்கும் இசை அமைத்தார். எண்ட்ஸ் படத்தில் அவர்கள் செய்திருப்பதைக் கவனியுங்கள். பழைய மெட்டை ரொம்பச் சிக்கனமாகத்தான் தருகிறார்கள். கோரிக்கென்று மந்தமான, காதல் படத்துக்கு வருகிற மாதிரி சோகமான சின்தசைசர் இசை. அவன் மாறத் தொடங்கியதும் அதுவே கனத்துப் போகிறது. இசைக்காரர்கள் கோரி கதையைக் கடைசி வரை நம்பியிருக்கிறார்கள்.

அந்தச் சாக்கடைக் காட்சி. பாலத்திலிருந்து விழுந்து கிடந்தவனை மைக்கேல் உள்ளே இழுத்துப்போய்க் கழுத்தைப் பிடிக்கிறான், கண்ணைப் பார்க்கிறான், விட்டுவிடுகிறான். ஏன் விட்டான் என்று படம் சொல்லாது. கோரியின் கண்ணில் அந்தப் பையன் விழுந்த இரவு ஓடுவதை மட்டும் காட்டுவார்கள். மைக்கேல் அதைப் பார்த்தானா, கோரி தானாகவே உடைந்தானா, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1978 டைட்டிலிலேயே அந்த உருவத்துக்குத் தி ஷேப் என்றுதானே பெயர் போட்டார்கள். காரணம் சொல்லாமல் விட்டதால்தான் முதல் படம் இன்னும் பயமுறுத்துகிறது, பின்னால் வந்தவர்கள் தங்கை என்றார்கள், சாபம் என்றார்கள், ஒரு ரகசியக் கூட்டம் என்றார்கள், ஒவ்வொரு விளக்கத்துக்கும் பயம் கொஞ்சம் குறைந்தது. காரணம் சொல்லாமல் விடும் அந்தப் பழக்கம் இந்தக் காட்சியில் திரும்பி வந்திருக்கிறது.

பூசணிவிளக்கு:
ஒலிப்பதிவு சொன்ன காட்சியிலிருந்தே என் குறையைச் சொல்கிறேன். அவ்வளவு தைரியமாக ஆரம்பித்த விஷயம் எப்படி முடிகிறது? கோரி மைக்கேலிடமிருந்தே முகமூடியைப் பிடுங்குகிறான். தன்னைப் பாலத்திலிருந்து தள்ளிய பசங்களைப் பழைய இரும்புக் கிடங்கில் வைத்துக் கொல்கிறான், பெற்ற தாயைக் கொல்கிறான், வானொலியில் தன்னைக் கேவலமாகப் பேசியவனைக் கொல்கிறான். பழைய தீமை ஓய்ந்துவிட்டது, புதிய தீமை ஊருக்குள்ளிருந்தே முளைத்துவிட்டது, லோரி இப்போது எதை எதிர்க்கப் போகிறாள்? படத்தின் முழுக் கேள்வியும் இதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் லோரி அவனைச் சுட்டுப் படியில் உருட்டுகிறாள், அவன் அலிசன் வரும் சத்தம் கேட்டுத் தன் கழுத்தில் தானே குத்திக்கொள்கிறான், முகமூடியைத் தேடி வந்த மைக்கேல் அவன் கழுத்தை முறிக்கிறான். சில நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு கோரியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, விளம்பரத்தில் சொன்ன சண்டையைக் கொடுத்தாக வேண்டுமே என்று கொடுக்கிறார்கள்.

இந்த வகைப் படங்களில் இந்தப் பின்வாங்கல் புதிது இல்லை. 1988-இல் நான்காம் பாகத்தின் முடிவு நினைவிருக்கிறதா? சின்னப் பெண் ஜேமி, கோமாளி உடையில், கையில் கத்திரிக்கோலோடு மாடிப்படி உச்சியில் நிற்பாள், மைக்கேலின் மருத்துவர் டாக்டர் லூமிஸ் அவளைப் பார்த்து அலறுவார். தீமை அவளுக்குப் போய்விட்டது. தொடரிலேயே தலைசிறந்த முடிவுகளில் அது ஒன்று. அடுத்த வருடமே ஐந்தாம் பாகத்தில் அதை மழுப்பிவிட்டார்கள், வளர்ப்புத் தாய் பிழைத்துக்கொண்டாள், ஜேமி பேச்சிழந்த பாவப்பட்ட குழந்தை ஆனாள், மைக்கேல் பழையபடி கத்தியோடு திரிந்தான். ஃப்ரைடே தி தர்ட்டீன்த் என்ற இன்னொரு தொடரின் ஐந்தாம் பாகத்தில், 1985, முகமூடிக்குள் இருந்தது அதன் கொலைகாரன் ஜேசனே இல்லை, ஆம்புலன்ஸில் வேலை செய்யும் ஒரு ஆள். கடைசி ஷாட்டில் கதாநாயகன் டாமி ஜார்விஸ் முகமூடியை மாட்டிக்கொண்டு நிற்பான். ரசிகர்கள் கொதித்தார்கள். 1986-இல் மின்னல் அடித்து ஜேசன் எழுந்துவிட்டான், டாமி நல்லவன் ஆகிவிட்டான்.

முகமூடியை இன்னொருவர் கையில் கொடுக்கும் யோசனை இவர்களுக்கு அடிக்கடி வருகிறது. கொடுத்ததும் பயந்துபோய்த் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எண்ட்ஸ் படத்தில் அந்தப் பயம் அடுத்த பாகம் வரைகூடப் பொறுக்கவில்லை, ஒரே படத்துக்குள்ளேயே கொடுத்தும் வாங்கியும் முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், மைக்கேல் அந்தச் சாக்கடையிலேயே கோரி கையால் செத்திருக்க வேண்டும். கடைசிச் சண்டை லோரிக்கும் கோரிக்கும் நடந்திருக்க வேண்டும். தான் ஒருநாள் சாலையில் இரக்கப்பட்டு, காயத்தைக் காட்டச் சொல்லி, தன் பேத்தியிடம் தானே கூட்டிப்போன பையனை அவள் கொல்ல வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்.

நடுநிசி:
அப்படி எடுத்திருந்தால் தியேட்டரில் நாற்காலி பறந்திருக்கும். நாற்பத்து நான்கு வருடம் காத்திருந்து மைக்கேலைக் கொல்வது ஒரு புதுப் பையன் என்றால் லோரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸுக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. 2002-இல் ரெசரக்‌ஷன் படத்தில் ஆரம்பத்திலேயே லோரியைக் கூரையிலிருந்து தள்ளிக் கொன்றார்களே, அதற்கு அடுத்த இடத்தில் இது இருந்திருக்கும்.

ஆறாம்பாகம்:
இந்த விஷயத்தில் நடுநிசியோடு நிற்கிறேன். பூசணிவிளக்கு, உங்கள் ஜேமி உதாரணம் உங்களுக்கே எதிராக வேலை செய்கிறது. ஜேமியை ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்து பார்த்தோம், அந்தப் பாகங்களில் அவள் மைக்கேலின் தங்கை லோரியின் மகள், அவள் மாறியபோது நமக்கு வலித்தது. டாமி ஜார்விஸும் அதற்கு முந்தைய படத்திலேயே ஜேசனைக் கொன்றவன். கோரி அப்படி இல்லை, அவனுக்கு ஒரு படம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. கில்ஸ் படத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக, ஓரமாக, ஒரே ஒரு காட்சியில் இந்தப் பையனைக் காட்டியிருந்தால் போதும், பாதிப் புகார் எழுந்திருக்காது. மூன்று படங்களாகத் திட்டமிட்டார்கள் என்றால் அந்த ஒரு காட்சி எங்கே?

அப்புறம் சாக்கடை மைக்கேல். கில்ஸ் முடிவில் ஊரே சேர்ந்து அடித்தும் சுட்டும் எழுந்து நின்று அத்தனை பேரையும் கொன்றவன். மனிதன்தானா என்றே லோரி சந்தேகப்படுகிறாள். அடுத்த படத்தில் இருமிக்கொண்டு கிடக்காத குறைதான். இரண்டு படத்தையும் ஒரே இயக்குநர்தான் எடுத்தார் என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

கத்திநிழல்:
அந்தத் தொடர்ச்சி ஓட்டை பெரிய ஓட்டைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோரியோடு சேர்ந்து கொல்லக் கொல்ல மைக்கேலுக்குத் தெம்பு வருகிறது என்று ஒரு கோடு காட்டினார்கள், அந்த நர்ஸைச் சுவரோடு சேர்த்துக் குத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது 1978 படத்தில் பாப் என்ற பையன் செத்த மாதிரியே. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

ஆனால் கடைசி ஊர்வலத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை. சமையலறைச் சண்டை எனக்குச் சரியான அளவில் இருந்தது. லோரி மைக்கேலின் கையை மேஜையோடு கத்தியால் அறைகிறாள், குளிர்சாதனப் பெட்டியைச் சாய்த்து மேலே போடுகிறாள், பெரிய வெடி எதுவும் இல்லை, வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே முடிக்கிறாள். கழுத்தை அறுத்த பிறகும் அவன் கை எழுந்து அவள் கழுத்தைப் பிடிக்கும்போது, ஒரு கணம் விட்டுவிடலாமா என்று அவள் முகத்தில் ஒரு களைப்பு தெரியும், அலிசன் வந்து அந்தக் கையை முறிப்பாள். அது பேத்தியின் தருணம், தாமதரசிகை அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் பிறகு பிணத்தைக் காரின் மேல் கட்டி ஊரே பின்னால் நடந்துபோய், இரும்பை நொறுக்கும் இயந்திரத்தில் எல்லோர் கைக்கும் மேலாக அனுப்பிப் போடுகிறது. கில்ஸ் படத்தில் கோஷம் போட்டு ஓடிய அதே ஊர், இங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நொறுக்கியதும் அதே கோரி வேலை பார்த்த இரும்புக் கிடங்கில்தான்.

தாமதரசிகை:
கை முறிக்கும் இடம் நல்ல இடம்தான். ஆனால் அதற்கு முன்னால், கோரி பிணத்தின் பக்கத்தில் பாட்டியைக் கத்தியோடு பார்த்து நம்பாமல் கிளம்பிப் போனவள், சில நிமிடத்தில் திரும்பி வந்து உதவுகிறாள். நடுவில் அவளுக்குள் என்ன நடந்தது? அந்த நிமிடங்களைத்தான் நான் கேட்கிறேன். ஊர்வலத்திலும் கோரியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவன் செய்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா, ஊர் தன் பங்கை உணர்ந்ததா, எதுவும் தெரியாது. மைக்கேலை நொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பூசணிவிளக்கு:
கோரியின் பெயரை யாரும் எடுக்கவில்லை என்பது நான் யோசித்திராத கோணம். அது பிழையா, வேண்டுமென்றே விட்டதா என்று யோசிக்கிறேன். வேண்டுமென்றே என்றால் படம் இன்னும் கசப்பானது.

நடுநிசி:
எழுத மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் பதில். ஆனாலும் சமையலறைச் சண்டைக்கு மட்டும் நான் எழுந்து நிற்பேன், ஜேமி லீ கர்டிஸுக்காக. அந்தப் பத்து நிமிடத்தை 2018 படத்தின் கடைசியில் ஒட்டியிருந்தால் மற்ற இரண்டு படமும் எடுத்திருக்கவே வேண்டாம்.

ஒலிப்பதிவு:
2018 படத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை போலிருக்கிறது. தாமதரசிகை, மறுபடி பார்ப்பதாக இருந்தால் நடுவில் கில்ஸ் படத்தை விட்டுவிட்டு 1978, 2018, எண்ட்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள். சாக்கடை மைக்கேல் அப்போது அவ்வளவு உறுத்த மாட்டான், 2018-இல் எரியும் வீட்டிலிருந்து தப்பி வந்த அறுபது வயது மனிதன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கத்திநிழல்:
கில்ஸை விட்டால் அலிசனின் அம்மா எப்படிச் செத்தாள் என்றே தெரியாது, சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் யார் என்றும் தெரியாது. நான் சொன்ன கார் நிறுத்தக் காட்சியே அர்த்தமில்லாமல் போய்விடும். தயவுசெய்து விடாதீர்கள்.